பிளவின் மேல் போட்ட பழி

மருதாசலம் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பால் சொசைட்டியில், சலூனில், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் இடத்தில், எங்கே நாலு பேர் நின்றாலும் அவருக்கு அதே பேச்சுதான்.

"என்ற பொண்ணு கடலுக்கு அடியில போயி மண்ணெடுத்துப் பாத்துட்டு வந்திருக்குதுங்க. காவேரி மணலு அங்க போயிச் சேருதா இல்லியான்னு அதுக்குத் தெரியாதா? கூட்டத்தன்னிக்கு அவ வந்து நாலு வார்த்தை சொன்னாப் போதும். குவாரிக்காரன் மூட்டையக் கட்டிருவான்."

வெண்ணிலா கடலுக்கு அடியில் போனதில்லை. கப்பலின் தளத்தில் நின்றுகொண்டு, நீளமான இரும்புக் குழாயைக் கடல்தரை வரை இறக்கி, அதைச் சேற்றுக்குள் பாய்ச்சி, உள்ளே சிக்கிய மண்ணோடு மேலே தூக்குவதுதான் அவள் வேலை. அப்பாவிடம் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறாள். அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த ஆளிடம் பேசும்போது அவளை மறுபடியும் கடலுக்கு அடியில் அனுப்பிவிடுவார்.

சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அவள் கடல் நிலவியல் விஞ்ஞானி. காவிரி கடலில் கலக்கிற இடத்துக்கு அப்பால், கடலுக்குள் ஒலி அலைகளை அனுப்பி, தரைக்குக் கீழே சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதைப் படமாக எடுத்தவள். அந்தப் படங்களில் ஒன்றில்தான் பிளவு தெரிந்தது. நேராக வந்த அடுக்குகள் ஓரிடத்தில் வெட்டுப்பட்டு, ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தன. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய செத்துப்போன பிளவு என்றால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். இது அப்படியில்லை. நேற்றுப் படிந்தது என்று சொல்லத்தக்க இளஞ்சேறும் அதில் அறுபட்டிருந்தது. அப்படியென்றால் பிளவு இன்னும் அசைகிறது; இறங்கிய பக்கத்தில் இருக்கிற கரையோர டெல்டா நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கட்டுரை பெரிய பத்திரிகையில் வந்தது. வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கட்டுரையின் முதல் வடிவத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது. டெல்டா தாழ்வது புதிதில்லை, அது என்றைக்கும் தாழ்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. ஆனால் தாழ்ந்த அளவுக்கு ஆறு புது மணலையும் வண்டலையும் கொண்டுவந்து மேலே போட்டுக்கொண்டே இருந்ததால் நிலம் நிலமாக இருந்தது. இப்போது ஆறு கொண்டுவருவதில்லை என்பதுதான் அந்தப் பகுதி. பத்திரிகையின் மதிப்பீட்டாளர்கள், பிளவுக்கான சான்று பலமாக இருக்கிறது, மணல் பற்றியது பலவீனமாக இருக்கிறது, அதை எடுத்துவிட்டுத் தனியாக எழுதுங்கள் என்றார்கள். வெண்ணிலா எடுத்துவிட்டாள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்புறம் அடுத்த கப்பல் வந்தது, அடுத்த திட்டம் வந்தது, பதவி உயர்வு வந்தது. மண் இருந்த குழாய்கள் நிறுவனத்தின் குளிர் அறையில் படுத்துக் கிடந்தன.

மோகனூருக்குக் கீழே, காவிரிக் கரையில் மருதாசலத்துக்கு வாழையும் கரும்பும் இருந்தன. முன்னொரு காலத்தில் அங்கே மணல் அள்ளி, ஆறு ஆளுயரத்துக்கும் மேல் பள்ளமாகிப்போனது. வாய்க்காலின் தலைமடை தண்ணீருக்கு எட்டாமல் உயரத்தில் நின்றது. கிணறுகள் இறங்கின. பிறகு குவாரி நின்று, வெள்ளம் வந்து வந்து, பள்ளம் ஏதோ கொஞ்சம் தூர்ந்திருந்தது. இப்போது ஒரு புதுக் கம்பெனி அதே இடத்தில் அனுமதி கேட்டிருந்தது. அதற்குத்தான் கருத்துக் கேட்புக் கூட்டம்.

இந்த முறை மருதாசலம் ஊர்க்காரர்களைத் திரட்டியதோடு நிற்கவில்லை. டெல்டாவின் கடற்கரைக் கிராமங்களில் வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறிச் சிரமப்படுகிறவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். மேலே மணலை அள்ளினால் கீழே அவர்களுக்குத்தான் கேடு என்று சொல்லி, ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டத்துக்கு வரச் சம்மதிக்க வைத்தார். தன் கிணற்றை மட்டும் பேசினால் உள்ளூர்த் தகராறாகப் போய்விடும், கடல்வரைக்கும் பேசினால்தான் எடுபடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு முழுவதும் மகளை நம்பிப் போட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் வெண்ணிலா வந்து சேர்ந்தாள். வாழைத்தோப்பில் மடை திருப்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் நேராகப் போனாள்.

"அப்பா, நான் பேசுனா நீங்க நெனைக்கிற மாதிரி வராதுங்கப்பா."

"ஏன் அம்மிணி?"

"நான் எழுதுனது பிளவைப் பத்தி. மணலைப் பத்தி நான் இன்னும் எதையும் நிரூபிக்கலை."

"மணலு வராததுனால டெல்டா எறங்குதா, இல்லியா? அதச் சொல்லு."

"அதுவும் ஒரு காரணம்."

"அப்பறமென்ன? அதச் சொன்னாப் பத்தாதா?" மண்வெட்டியை மடையில் சாய்த்துவிட்டு அவர் சிரித்தார். "பயப்படாத சாமி. நீ பொறந்த ஊருதான். உன்னய ஆரு என்ன கேக்கப் போறாங்க?"

அவர் சிரிப்பைப் பார்த்தபோது வெண்ணிலாவுக்கு மேலே பேச வாய் வரவில்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின முகூர்த்தத்தின் மணமக்கள் பெயர் வாசலில் தெர்மாகோலில் அப்படியே இருந்தது. மேடையில் அதிகாரிகள், பக்கத்தில் ஒரு திரை. கம்பெனி ஆட்கள் முன்வரிசையில் கட்டம்போட்ட சட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். டெல்டாவிலிருந்து வந்தவர்கள் பின்னால், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தார்கள். அவர்களுக்குத் தலைமைபோல ஓர் அம்மாள் வந்திருந்தார், முத்தாயம்மாள் என்று பெயர். வெண்ணிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா சொன்னாரும்மா. நீ பேசுனா நடக்கும்னு சொன்னாரு. விடியக்காலயே கெளம்பி வந்துட்டோம்" என்றார்.

முதலில் ஊர்க்காரர்கள் பேசினார்கள். பக்கத்துத் தோட்டத்து வேலுசாமி கிணறு வற்றியதைச் சொன்னார். முத்தாயம்மாள் தன் வயலில் நாற்று வெளுத்துப்போவதைச் சொன்னார். மருதாசலம் கடைசியாக எழுந்து, "ஆத்தோட தலையில கை வெச்சா காலுல வலிக்குமுங்க. அதத்தான் இவிங்க சொல்றாங்க" என்றபோது மண்டபம் கைதட்டியது.

பிறகு கம்பெனியின் சார்பில் பதில் சொல்ல ஓர் ஆள் மேடையேறினான். அவன் யாரென்று வெண்ணிலாவுக்கு உடனே தெரிந்தது. ஜீவானந்தம். ராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பத்துப் பையன். அவளிடம்தான் ஆய்வு மாணவனாக இருந்தான். இரண்டு முறை அவளோடு கப்பலில் வந்தவன். முதல் பயணத்தில் வாந்தி எடுத்துச் சுருண்டவனுக்கு எலுமிச்சங்காய் நறுக்கி முகரக் கொடுத்தது அவள்தான். இப்போது சேலத்தில் சுற்றுச்சூழல் ஆலோசகர் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

திரையில் ஒரு படம் விழுந்தது. வெட்டுப்பட்ட அடுக்குகள். அவளுடைய படம்.

"டெல்டாவுல இருந்து வந்திருக்கிற அம்மா சொன்னது நூத்துக்கு நூறு உண்மைங்க," என்று ஜீவானந்தம் பணிவாக ஆரம்பித்தான். "அங்க நெலம் தாழுது. யாரும் மறுக்கலை. ஆனா ஏன் தாழுது? இதோ, கடலுக்கு அடியில ஒரு பிளவு. இன்னிக்கும் அசையுற பிளவு. இந்தப் பக்கம் எறங்குது. மனுஷன் மண்வெட்டியக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி இருந்தே எறங்குது. இயற்கை. இங்க மணல் எடுக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு இந்த ஆய்வுல ஒரு வரிகூட இல்லீங்க."

கொஞ்சம் நிறுத்தினான்.

"இந்த ஆய்வைச் செஞ்சது வெளியூர்க்காரங்க இல்லீங்க. கம்பெனி ஆளும் இல்லை. இந்த ஊர்ப் பொண்ணு, டாக்டர் வெண்ணிலா மேடம். எனக்குப் பாடம் சொல்லிக்குடுத்தவங்க. இங்கதான் உக்காந்திருக்காங்க. நான் சொல்றதுல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் அவங்க எந்திரிச்சுச் சொல்லட்டும்."

மண்டபத்தில் தலைகள் திரும்பின. முதலில் அவளைப் பார்த்தன, பிறகு மருதாசலத்தை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் ஓரத்தில் மகளின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அந்த எழுத்து மட்டும் அவருக்கு வாசிக்கத் தெரியும்.

"போ கண்ணு, போயிச் சொல்லு," என்றார். குரல் முன்னைப்போலவே நம்பிக்கையாக இருந்தது. அதுதான் அவளை வதைத்தது.

வெண்ணிலா ஒலிபெருக்கியைப் பிடித்தாள். பிளவு உண்மைதான் என்றாள். ஆனால் பிளவால் இறங்குவது ஒரு பங்குதான். சேறு தன் கனத்தாலேயே அமுங்குவது ஒரு பங்கு. நிலத்தடி நீரை உறிஞ்சுவது ஒரு பங்கு. மேலேயிருந்து மணலும் வண்டலும் வந்து சேராதது இன்னொன்று, அதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் இறங்குவதை ஈடுகட்ட வேறு வழியே கிடையாது என்றாள். சொல்லச் சொல்ல, முன்வரிசை நிதானமாகச் சாய்ந்து உட்காருவதையும் பின்வரிசை குழம்புவதையும் கண்டாள்.

மேடையில் இருந்த அதிகாரி அவளிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"மேடம், மணல் வராததற்கு அணைகளும் காரணம்தானே?"

"ஆமாங்க. பெரிய காரணம்."

"இந்தக் குவாரியால் எவ்வளவு குறையும் என்று உங்களால் சொல்ல முடியுமா?"

"தனியாகப் பிரித்துச் சொல்ல இப்போதைக்கு என்னிடம் அளவு இல்லைங்க. ஆனால்..."

"அளவு இல்லை," என்று அவர் திரும்பச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் குறித்துக்கொண்டார். "நன்றி மேடம். அடுத்தவர்?"

அந்த 'ஆனால்' அப்படியே தொங்கிப்போனது. அளவு இல்லை என்றால் பாதிப்பு இல்லை என்று அர்த்தமில்லை, இன்னும் அளக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்று அவள் சொன்னபோது ஒலிபெருக்கி வேறு கைக்குப் போயிருந்தது.

பின்வரிசையில் முத்தாயம்மாள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது வெண்ணிலாவின் காதில் விழுந்தது: "இதுக்கா நம்மள இம்புட்டுத் தூரம் இழுத்தாந்தாரு அந்த மனுசன்?"

சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம், கை கழுவும் தொட்டிகளுக்கு அருகே ஜீவானந்தத்தை அவள் மறித்தாள்.

"உனக்குத் தெரியுமில்லடா? அந்தக் கட்டுரைக்கு அர்த்தம் அது இல்லைன்னு உனக்குத் தெரியும். மண்ணைக் கழுவிச் சலிச்சுப் பாத்தவன் நீ."

"அக்கா, நான் ஒரு பொய் சொன்னேனா?"

"சொல்லலை."

"நீங்க எழுதாததை எழுதுனீங்கன்னு சொன்னேனா?"

அவள் பக்கத்துக் குழாயைத் திறந்து, உடனே மூடினாள்.

"மணல் பகுதிய எடுத்தது நான் இல்லீங்கக்கா. எடுக்க வேண்டாம்னு சொன்னது நான். ஞாபகம் இருக்கா? அப்பறம் எழுதிக்கலாம்னீங்க." அவன் குரலில் எகத்தாளம் இல்லை. இருந்திருந்தால் திட்டியிருக்கலாம். "எனக்கும் கொழந்தை குட்டி இருக்குதுங்க. கப்பல் வேலை வருஷம் பூரா சோறு போடலை. வாரேனுங்க."

அவன் சொன்னது உண்மை. அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

வீடு திரும்பும்போது மருதாசலம் பைக்கை ஓட்டினார், அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா கந்தம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடிக்காமலே அவர் கேட்டார்.

"உன்னய நான் பொய்யா சொல்லச் சொன்னேன்?"

"இல்லீங்கப்பா."

"தெரிஞ்சதச் சொல்லுன்னுதானே சொன்னேன்?"

"தெரிஞ்சதைத்தான் சொன்னேன். அளவு இல்லாம இவ்வளவுன்னு சொன்னா அது பொய்யாயிரும். அவங்களே அதை ஒடைச்சிருப்பாங்க."

"ஒடைக்கட்டுமே! ஒடைக்கறதுக்காச்சும் அவன் மெனக்கெட்டிருக்கோணும்." அவர் சத்தம் போட்டுப் பேசி வெண்ணிலா கேட்டதில்லை. இப்போதும் சத்தமில்லை. "அவன் பொய் சொல்லி ஜெயிக்கல அம்மிணி. உன்ற நெசத்த வெச்சே ஜெயிச்சுட்டுப் போயிட்டான். அந்த நெசம் பாதிதான்னு நீ மின்னாடியே சொல்லியிருந்தீன்னா, நான் அந்தச் சனத்தை அத்தனை தூரத்துல இருந்து வரச்சொல்லியிருப்பனா? ஊருக்குள்ள இப்படி நெஞ்ச நிமித்திட்டுத் திரிஞ்சிருப்பனா?"

"நேத்துச் சொன்னேனுங்களே."

"நேத்து!" என்றார் அவர். "கட்டுரை எழுதி எத்தன வருசமாச்சு?"

கந்தம்மாள் குறுக்கே வந்தாள். "வுடுங்க. புள்ள சாப்புடட்டும்." யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வெண்ணிலா கிளம்பும்போது, மருதாசலம் தோட்டத்துக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னாள். செருப்பு வாசலிலேயே கிடந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

சென்னைக்குப் போனதும் அவள் குளிர் அறையைத் திறக்கச் சொன்னாள். வேறு வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு, பழைய மண் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். நீளவாக்கில் பிளந்து, அடுக்கு அடுக்காகச் சுரண்டி, கழுவி, சலித்து, மணல் தனியாகச் சேறு தனியாகப் பிரித்தாள். எந்த அடுக்கு எப்போது படிந்தது என்று சோதனைக்கு அனுப்பினாள். விரல் நுனிகள் வெடித்து ரத்தம் கசிகிற அளவுக்கு அந்த வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. நிறுவனத்தின் இயக்குநர் ஒருநாள் கூப்பிட்டு, பொதுக்கூட்டங்களில் பேசுவதற்கு முன்னால் அனுமதி வாங்குவது நல்லது என்று நயமாகச் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் மண்ணைக் கழுவப் போனாள்.

முடிவு வந்தது. கடலுக்கு வந்த மணல் இரண்டு கட்டமாகக் குறைந்திருந்தது. முதல் கட்டம் அணைகள் கட்டிய காலம். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அளவு மாறாமல் நின்றிருக்கிறது. இரண்டாவது கட்டம், ஆற்றில் இயந்திரம் வைத்து அள்ள ஆரம்பித்த பிறகு வந்தது. அந்தக் காலத்தில் புதிதாக எந்தப் பெரிய அணையும் கட்டவில்லை. மணல் அள்ளியதன் பங்கு அந்தச் சரிவுதான்; மேடையில் அவளிடம் இல்லாமல் போன அளவு அதுதான். சந்தேகத்துக்கு இடமானதைக் கழித்துப் பார்த்தாலும் கணிசமான பங்கு. கூட்டம் நடந்த அன்றைக்கும் அது இருந்தது. குழாய்க்குள், குளிரில், அவள் கைக்கு எட்டுகிற அலமாரியில் இருந்தது.

அந்தக் கட்டுரை அச்சில் வருவதற்குள் குவாரிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. வெண்ணிலா அதை அதிகாரிகளுக்கு அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம், அடுத்த முறை அனுமதியைப் பரிசீலிக்கும்போது கருத்தில் கொள்ளப்படும் என்று பதில் வந்தது. முத்தாயம்மாளின் எண்ணுக்குப் பலமுறை கூப்பிட்டாள். எடுத்தது மகன். அம்மா பேசப் பிரியப்படவில்லை என்றான். ஜீவானந்தம் மட்டும் கட்டுரையைத் தேடி முழுசாகப் படித்திருந்தான். 'அருமையான வேலை அக்கா. அந்த இரண்டாவது கட்டம் அசைக்க முடியாத சான்று' என்று வாழ்த்து அனுப்பினான். அவள் மதித்தவர்களில் அதைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான் என்பதை நினைத்தபோது, அலைபேசியைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனாள். இறங்கி நடக்கும்போதே வழியெல்லாம் மாறியிருந்தது. ஆற்றுக்குப் போகும் தடத்தில் செம்மண் கொட்டி அகலப்படுத்தியிருந்தார்கள். வேலி ஓரத்துச் செடிகளெல்லாம் புழுதி பூசி ஒரே நிறமாக நின்றன. மருதாசலத்தின் வாழைத்தோப்பில் ஓர் ஓரமாக நாலு வரிசை மரங்கள் இல்லை. அங்கே தடம் ஓடியது.

"இது யாருங்க போட்டது?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"அப்பாதான் வழி உட்டாரு. மின்னாடி லாரியெல்லாம் வேலுசாமி தோட்டத்து வழியாப் போயிட்டிருந்துச்சு. அங்க திரும்ப எடம் பத்தலையாம்."

மருதாசலம் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்து, "வா சாமி" என்றார். வழக்கமாக வரவேற்பதுபோலத்தான் இருந்தது. கட்டுரை வந்த விஷயத்தை அவள் சொன்னாள். மணலின் பங்கு எவ்வளவு என்று இப்போது எண்ணோடு சொல்ல முடியும் என்றாள். அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முழுவதையும் கேட்டார்.

"நல்லது," என்றார்.

"நீங்க ஏனுங்கப்பா வழி உட்டீங்க?"

"உடாட்டி?"

அவள் தடம் ஓடிய பக்கம் பார்த்தாள்.

"எல்லாரும் உட்டாச்சு. கூட்டத்துக்கு அப்பறம் ஆரும் என்ற பேச்சக் கேக்கறதில்ல. கேக்கறதுக்கு என்ன இருக்குது? நான் மட்டும் வீம்பு புடிச்சு நின்னு, நடக்கப்போறது நிக்கப்போகுதா?" அவர் சிரித்தார். பழைய சிரிப்பின் உருவம் மட்டும் அதில் இருந்தது. "தாழறது இயற்கைதானே கண்ணு. மேடையிலயே சொல்லிட்டாங்க."

"நான் அப்படிச் சொல்லலைங்கப்பா."

"நீ சொல்லல. ஆனா உன்ற பேரு போட்டிருந்துச்சு."

அவருக்கு அவள்மேல் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். கோபம் எங்கோ வடிந்து, மகள் என்கிற பாசம் மட்டும் அலுத்துப்போன நிலையில் மிச்சம் இருந்தது. "டீ குடி. ஆறிரப் போகுது" என்றார்.

வெளியே லாரி ஹாரன் கேட்டது. மருதாசலம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தடம் தோட்டத்து முனையில் திரும்பும் இடத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்று போகிறது, புதுசாக வருகிற டிரைவர்கள் அதன்மேல் லாரியை ஏற்றிவிடுகிறார்கள், ஆள் நின்று பார்க்காவிட்டால் ஆகாது என்று கந்தம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

வெண்ணிலா அவர் பின்னாலேயே போனாள். ஈரம் சொட்டச் சொட்ட மணல் ஏற்றிய லாரி ஆற்றிலிருந்து மேடேறி வந்து திரும்ப முடியாமல் நின்றிருந்தது. மருதாசலம் அதற்குப் பின்னால் போய் நின்று கையை உயர்த்தினார்.

"வரட்டும், வரட்டும். ஒடிச்சு வாங்க. இன்னங் கொஞ்சம். போதும், போதும், இப்ப நேரா உடுங்க."

லாரி முக்கி நிமிர்ந்து அவள் நின்ற பக்கமாக வந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். வெண்ணிலா வாழைக்கட்டைகளுக்கு நடுவே ஒதுங்கி, அதற்கு வழிவிட்டாள்.